கருந்திராட்சைச் சாறு இதய மாத்திரைக்கு மாற்றாகுமா?

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 61. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, ஆன்ஜியோபிளாஸ்டி செய்து, அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலையான, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான், பத்தாண்டுகளாக உள்ள சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் என்று மாத்திரைகள் தொடர்கின்றன. நிறம் மிகுந்த பழங்களின் சாறு ரத்தக் கட்டிகளைத் தடுக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கம்பம் பன்னீர் திராட்சையைத் தோலோடும் கொட்டையோடும் மிக்ஸியில் அடித்து வடிகட்டி, புளிப்புக்காக இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்து, காலையில் ஒரு பெரிய டம்ளர் குடித்து வருகிறார். மாலையில் பீட்ரூட்டும் மாதுளையும் கலந்த சாறு. இதற்கிடையே பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. முன்கைகளில் காரணமின்றிக் கருநீலத் திட்டுகள் தோன்றியிருக்கின்றன. சாறே ரத்தத்தைப் போதுமான அளவு இளக்கிவிட்டது, மாத்திரை மிகையாகிவிட்டது என்று முடிவு செய்து, மூன்று வாரங்களுக்கு முன் குளோபிடோக்ரெலைத் தாமாகவே நிறுத்திவிட்டார். ரத்தக்கசிவும் குறைந்திருக்கிறது.

அவருடைய துணைவியாருக்கு வயது 56. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன மைட்ரல் வால்வுக்குப் பதிலாக, 11 ஆண்டுகளுக்கு முன் உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். இரவுதோறும் அசினோகூமரால் என்னும் உறைதடை மாத்திரை எடுக்கிறார். இப்போது கணவரோடு சேர்ந்து அதே சாற்றைக் குடிக்கிறார். கீரையை அறவே ஒதுக்கிவிட்டார். அந்த மாத்திரையால் ரத்தம் உறைவது எவ்வளவு தாமதப்படுகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கடிதத்தின் கடைசிப் பத்தியில், தம் மூட்டுவலிக்காக வாரத்தில் சில நாட்கள் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் என்னும் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதையும் ஆசிரியர் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். ஆஸ்பிரினையும் நிறுத்திவிடலாமா, துணைவியாரின் மாத்திரையைப் பாதியாக்கலாமா, நாவல் பழச் சாறு இன்னும் நல்லதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

மற்றவற்றை விளக்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதைப் படிக்கும் இன்றே, நாளைக்கு என்று தள்ளாமல், உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த மருத்துவரையோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயப் பிரிவையோ அணுகி, குளோபிடோக்ரெலை மூன்று வாரங்களாக நிறுத்தியிருப்பதைத் தெரிவியுங்கள். வழக்கமான ஒரு மாத்திரையோடு மீண்டும் தொடங்குவதா, முதல் நாள் கூடுதல் அளவு கொடுப்பதா என்பதை உங்களைப் பார்த்த பிறகு அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக நீங்களாகவே இரண்டு மூன்றைச் சேர்த்து விழுங்க வேண்டாம். ஆஸ்பிரினை ஒரு நாளும் விடக் கூடாது. இடையில் நெஞ்சு இறுக்கமோ, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மாரடைப்புக்குப் பிறகு வைக்கும் ஸ்டென்ட், ரத்தத்தைப் பொறுத்தவரை ஓர் அந்நியப் பொருள். அதன் கம்பி வலையின் மேல் ரத்தக்குழாயின் உள்தோல் வளர்ந்து மூடும் வரை, ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அதில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பொதுவாக 12 மாதங்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையையும் சேர்த்துத் தருகிறார்கள். நீங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் விளைவது மற்றொரு மாரடைப்பு, பெரும்பாலும் முதலாவதைவிடக் கடுமையானது.

ரத்தம் இளகுவதில்லை

நம் பக்கத்தில் எல்லோரும் ‘ரத்தத்தை இளக்கும் மாத்திரை’ என்றே சொல்கிறோம். உண்மையில் இம்மாத்திரைகளால் ரத்தம் நீர்த்துப் போவதில்லை. அவை உறைதலின் வேகத்தைத்தான் குறைக்கின்றன, அதையும் இரண்டு வேறு இடங்களில் குறைக்கின்றன. வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் முதலில் மணல் மூட்டைகளை அடுக்கி நீரின் வேகத்தைத் தடுத்து, பின்னர் தட்டி வைத்துக் களிமண் பூசி உடைப்பை இறுக்குவதை நீங்கள் எத்தனையோ மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தாலும் முதலில் வந்து ஒட்டும் மணல் மூட்டைகள் தட்டணுக்கள். அதன் மேல் வலைபோல் படர்ந்து இறுக்கும் பூச்சு, உறைபுரதங்களால் உருவாகும் ஃபைப்ரின். உங்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. துணைவியாரின் அசினோகூமரால், கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு உருவாக்கும் உறைபுரதங்களின் வீரியத்தைக் குறைக்கிறது. ஐ.என்.ஆர். பரிசோதனை காட்டுவது இந்த இரண்டாவது வேலையை மட்டுமே. தட்டணுக்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆகவே ஒரே டம்ளர் சாற்றைப் பகிர்ந்துகொண்டாலும், உங்கள் இருவருக்கும் அதனால் வரும் கேள்விகள் ஒன்றல்ல.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தாம் தொட்ட தட்டணுவை அதன் ஆயுள் முழுவதும் முடக்கிவிடுகின்றன. தட்டணுவின் ஆயுள் ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள். மாத்திரையை நிறுத்தினால் புதிதாகப் பிறக்கும் தட்டணுக்கள் முழு வீரியத்தோடு வந்து சேர, ஒரு வாரத்தில் பாதுகாப்பு ஏறக்குறைய முற்றிலும் போய்விடுகிறது. உங்கள் ஈறில் ரத்தம் நின்றதற்கு இதுவே காரணம். சாறு அப்போதும் தொடர்ந்துகொண்டுதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். சாறே போதுமான வேலையைச் செய்திருந்தால், மாத்திரையை நிறுத்திய பின்னும் கசிவு குறைந்திருக்க நியாயமில்லை.

சாற்றின் நிறத்தில் இருப்பது என்ன

உங்கள் உறவினர் சொன்னது அடிப்படையற்ற செய்தி அன்று. கருந்திராட்சை, நாவல், மாதுளை ஆகியவற்றின் கருஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமிக் குடும்பம். திராட்சையில் அது தோலில்தான் செறிந்திருக்கிறது. கொட்டையில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு தாவரப் பொருட்களான பாலிஃபினால்கள் உள்ளன. இவை ரத்தக்குழாயின் உள்சுவரும் தட்டணுக்களும் நைட்ரிக் ஆக்சைடு வெளியிடுவதைக் கூட்டுகின்றன என்றும், அதனால் குழாய் தளர்ந்து விரிவதோடு தட்டணுக்கள் ஒட்டும் வேகமும் தணிகிறது என்றும் அமெரிக்காவில் செய்த சில ஆய்வுகள் காட்டின. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 20 பேர் 14 நாட்கள் ஊதாத் திராட்சைச் சாறு குடித்தபோது அவர்களுடைய தட்டணுக்களின் ஒட்டும் தன்மை குறைந்தது. அதற்கு முன்பு 1999-இல், இதய ரத்தக்குழாய் நோயுள்ள 15 பேருக்கு அத்தகைய சாற்றால் குழாய்களின் விரியும் திறன் மேம்பட்டது. திராட்சைச் சாற்றோடு ஆரஞ்சுச் சாற்றையும், பம்பளிமாசின் உறவான கிரேப்ஃப்ரூட்டின் சாற்றையும் ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு சிற்றாய்வில், திராட்சைச் சாறு மட்டுமே தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைத்தது.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகள்தாம். ஆனால் 2001 ஆய்வின் அளவைப் பாருங்கள்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 7 மில்லிலிட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ அரை லிட்டர். திராட்சைச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. அரை லிட்டரில் 70 கிராமுக்கு மேல் வரும். பத்தாண்டுச் சர்க்கரை நோயாளிக்கு அந்த அளவை எந்த மருத்துவரும் பரிந்துரைக்க முடியாது. நீங்கள் குடிக்கும் ஒரு டம்ளரிலேயே, மேலே சேர்க்கும் இரண்டு கரண்டி இல்லாமல், சுமார் 30 கிராம் இருக்கும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் தட்டணுக்கள் மேலும் எளிதில் ஒட்டத் தொடங்குகின்றன என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. எதைத் தடுக்க நினைத்துக் குடிக்கிறீர்களோ அதற்கே அது துணை போகக்கூடும் என்பதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்றும் உண்டு. இருபது பேரின் தட்டணுக்கள் இரண்டு வாரக் காலத்தில் முன்பைவிடக் குறைவாக ஒட்டின என்பது வேறு. மாரடைப்போ ஸ்டென்ட் அடைப்போ தவிர்க்கப்பட்டது என்பது வேறு. இரண்டாவதை எந்தப் பழச்சாறும் நிரூபித்ததில்லை. மாதுளைச் சாறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வில் அது கழுத்துத் தமனியின் தடிப்பைக் குறைத்ததாகத் தெரிந்தது. பின்னர் 2009-இல், ஏறத்தாழ 290 பேரை 18 மாதங்கள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்கச் செவிலியர்கள் 93,600 பேரை 18 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்றில், ஆந்தோசயனின் மிகுந்த உணவை அதிகம் உண்ட பெண்களுக்கு மாரடைப்பு சுமார் 32 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அங்கே முதன்மையாகக் கணக்கிட்டவை முழுதாக உண்ணும் ஸ்ட்ராபெரி, புளூபெரிப் பழங்கள். அப்படி உண்பவர்களின் பிற நல்ல பழக்கங்களையும் அதிலிருந்து முற்றிலும் பிரித்துவிட முடியாது.

நிறமி பழத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா வழியாக நம் வயல்களுக்கு மீண்டு வந்திருக்கும் கருப்புக் கவுனியின் தவிட்டிலும் இதே ஆந்தோசயனின் உள்ளது. தவிட்டைத் தீட்டிவிட்டால் போய்விடும். அதுவும் அரிசிதான், சர்க்கரையை ஏற்றும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஈறில் கசிந்ததற்கு வேறொரு காரணம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது மூட்டுவலி மாத்திரையைப் பற்றிய அந்த ஒற்றை வரி. ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரெலோடும் டைக்ளோஃபினாக் சேரும்போது இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் பன்மடங்கு கூடுகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது இதயத்துக்கும் தீங்கு செய்யக்கூடியது. டெல்மிசார்ட்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நிறுத்த வேண்டிய மாத்திரை என்று ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அது இதுதான். வலிக்குப் பாரசிட்டமாலை மருத்துவர் சொல்லும் அளவில் எடுக்கலாம், வெளியே பூசும் களிம்பைக் கேட்டுப் பயன்படுத்தலாம்.

இரண்டு தட்டணு மாத்திரைகளை உண்பவர்களுக்கு ஈறில் சிறிது கசிவதும் கையில் கருநீலத் திட்டு தோன்றுவதும் அரிதல்ல. மென்மையான பிரஷ் கொண்டு துலக்குவது, பல் மருத்துவரிடம் காரை எடுத்துக்கொள்வது ஆகியவற்றிலேயே பலருக்கு இது கட்டுப்படும். ஆயினும் உங்கள் கவலை நியாயமானது. ஹீமோகுளோபினும் தட்டணு எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக்கசிவு அபாயம் மிகுந்தவர் என்று தெரிந்தால், இரண்டு மாத்திரைகளின் காலத்தை 12 மாதங்களுக்குப் பதிலாகச் சுருக்கும் வழி இதய மருத்துவத்தில் உண்டு. எனவே ‘ஒன்றைக் குறைக்க முடியுமா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எதை, எப்போது என்ற முடிவு மட்டும் ஸ்டென்ட் எங்கே, எப்படி வைக்கப்பட்டது என்று அறிந்தவரிடம் இருக்கட்டும். வயிற்றைக் காக்கும் மாத்திரையும் கேளுங்கள். ஒமிப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் பேன்டோப்ரசோலைத் தருவார்கள்.

பீட்ரூட்டும் பம்பளிமாசும்

பீட்ரூட்டின் சிவப்பு வேறு குடும்பத்து நிறமி. அது ரத்த அழுத்தத்தைச் சிறிது குறைப்பது நிறத்தால் அன்று, அதிலுள்ள நைட்ரேட்டால். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. டெல்மிசார்ட்டானோடு சேர்ந்து எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறதா என்று கவனியுங்கள். பீட்ரூட் உண்ட மறுநாள் மலமும் சிறுநீரும் சிவந்திருப்பது இயல்பு. ஆனால் உங்கள் நிலையில் இது உண்மையான ரத்தத்தை மறைத்துவிடக்கூடும். மலம் தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கெட்ட வாடையோடு போனால் அது பீட்ரூட் அல்ல, இரைப்பை ரத்தம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாதுளைச் சாறு, இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். டெல்மிசார்ட்டானும் பொட்டாசியத்தை உடலில் தங்க வைக்கும். ஆகவே ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்த்த பிறகே இவற்றை அன்றாடப் பழக்கமாக்கலாம்.

கொல்லையில் பம்பளிமாஸ் மரம் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. அது கிரேப்ஃப்ரூட்டின் நெருங்கிய உறவு. இவற்றில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், அட்டோர்வாஸ்டேட்டின் ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ந்து தசைகளைப் பாதிக்கலாம். கிரேப்ஃப்ரூட் சாறு குளோபிடோக்ரெல் உடலில் செயல்வடிவம் பெறுவதையும் குறைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு பழங்களையும் நீங்கள் ஒதுக்கிவிடுவதே நல்லது.

துணைவியாருக்கு

அவருடைய மாத்திரையைப் பாதியாக்க வேண்டாம். உலோக வால்வு உள்ளவருக்கு உறைதடை மருந்து ஆயுள் முழுவதற்கும் தேவை. மைட்ரல் இடத்து வால்வுக்கு ஐ.என்.ஆர். பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு. இந்த இடைவெளி குறுகலானது. நான்கு மாதங்கள் பார்க்காமல் இருந்தது சரியல்ல. இந்த வாரமே பார்த்துவிட்டு, பிறகு மாதத்துக்கு ஒரு முறையாவது தொடர வேண்டும்.

திராட்சையிலும் மாதுளையிலும் வைட்டமின் கே குறைவு. அவை மாத்திரையை நேரடியாக முறியடிப்பதில்லை. மாதுளைச் சாற்றால் ஐ.என்.ஆர். உயர்ந்ததாக இதே வகை மருந்தான வார்ஃபரின் உண்டவர்களிடம் தனித்தனி நிகழ்வுகள் மட்டும் பதிவாகியுள்ளன. கிரேன்பெரிச் சாறு பற்றி 2003-இல் பிரிட்டனில் எச்சரித்தார்கள். பின்னர் முறையாகச் சோதித்தபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் திடீரென்று தினமும் ஒரு டம்ளர் தொடங்குவதும், பழம் விலையேறியதும் அடியோடு நிறுத்துவதுமான ஏற்ற இறக்கம் அவருக்கு ஆகாது. குடிப்பதென்றால் சிறிய அளவில், ஒரே சீராக, பரிசோதனையோடு.

கீரையை அறவே விட்டது தேவையில்லாத தண்டனை. முருங்கைக்கீரையிலும் அரைக்கீரையிலும் வைட்டமின் கே அதிகம் என்பது உண்மை. அதற்குத் தீர்வு வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதும், அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையின் அளவை அமைப்பதுமே. கீரையே உண்ணாதவரின் உடலில் வைட்டமின் கே இருப்பு குறைந்து, ஒரு நாள் விருந்தில் உண்ட கீரைக்கூட்டும் ஐ.என்.ஆரைக் குலைத்துவிடும். இத்தனை நாள் உண்ணாதவர் நாளைக்கே நிறையச் சமைத்துவிட வேண்டாம், ஐ.என்.ஆர். பார்த்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சிறிது சிறிதாகத் தொடங்கட்டும்.

இரவின் அமைதியில் அவருடைய நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய ‘டிக்’ ஒலி உங்கள் இருவருக்கும் பழகியிருக்கும். அந்த ஒலி மங்கினாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

இருவரின் எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் வாங்கியவற்றையும் சூரணங்களையும் சேர்த்து ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். சாற்றைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று தயங்கிப் பலர் சொல்வதில்லை. ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால், எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது விதி. பயணம் சிரமம் என்றால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளைப் பெறக் கேட்கலாம், ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மட்டும் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும்.

நாவலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆனி, ஆடியில் சாலையோரம் கூறு கட்டி விற்கும் நாட்டு நாவல் பழத்தை ஒரு கைப்பிடி அளவு, சாறாக்காமல், உணவுக்குப் பின் இருவரும் உண்ணலாம். நாவை ஊதாவாக்கும் நிறமி அதில் மிகுதி, நார்ச்சத்தும் வீணாகாது. பன்னீர் திராட்சையையும் அவ்வாறே, பத்துப் பதினைந்து பழங்களைக் கழுவித் தோலோடு மென்று உண்ணுங்கள். மிக்ஸியும் வடிகட்டியும் இரண்டு கரண்டி சர்க்கரையும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கென்று விற்கும் நாவல் கொட்டைப் பொடியை மெட்ஃபார்மினுக்குப் பதிலாகவோ, மருத்துவருக்குத் தெரியாமலோ எடுக்க வேண்டாம், துணைவியாருக்கு ஐ.என்.ஆர். நிலைப்படும் வரை அது அறவே வேண்டாம்.